குழவி இல்லாத ஆட்டுக்கல்

பாலக்காட்டு ரோட்டில் குனியமுத்தூரைத் தாண்டி மதுக்கரை பக்கம் வரும்போது புதிதாகக் கட்டிய வீடுகளின் வாசலைப் பார்த்துக்கொண்டே வரலாம். கேட்டுக்கு ஒரு பக்கம் ஆட்டுக்கல். குழியில் தண்ணீர், தண்ணீரில் நாலு அரளிப் பூ. சில வீடுகளில் மண் நிரப்பி மணி பிளாண்ட் வைத்திருப்பார்கள். சுவருக்குச் சாம்பல் நிற டைல், கேட்டுக்கு லேசரில் வெட்டிய இரும்பு, அதன் காலடியில் இந்தக் கருங்கல். பெரும்பாலும் குழவி இருக்காது. கல் வந்து சேர்ந்துவிடுகிறது, குழவி எங்கோ தங்கிவிடுகிறது. குழவிக்குள் பூப் போட முடியாது. தனியாக நிறுத்தி வைத்தால் லிங்கம் மாதிரி தெரிகிறது, விளக்கு வைக்க வேண்டுமோ என்று வேறு தயக்கம்.

மாவாட்டத் தெரியாதவர்கள் வீட்டில் ஆட்டுக்கல் எதற்கு என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கேலியில் எனக்கு ருசியில்லை. ஒரு பழைய பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் யாருக்கும் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. நான் யோசிப்பது வேறு. இந்தப் பொருட்களையெல்லாம் நம் வீடுகளிலிருந்து அனுப்பிவைத்தது யார்?

நாம்தான். அதுவும் கைத்தொழிலாகவே செய்தோம். 1955-இல் பி. சபாபதி கோயமுத்தூரில் மின்சாரத்தில் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். பிறகு நகரத்தின் பல வீதிகளில் அதுவே பிழைப்பாயிற்று. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து, மோட்டார் இங்கிருந்தே. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே 1932-இல் பைக்காராவில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கி, பின்னால் நம் பட்டறைகளே பம்ப்செட் வார்த்துத் தள்ளியபோது, கிணற்று மேட்டில் கவலை இறைத்த மாடுகளுக்கு வேலை போயிற்று. அவை இழுத்த இரும்புச் சால்தான் இன்று ரிசார்ட் வாசல்களில் போகன்வில்லா தாங்கி நிற்கிறது. மதுக்கரையின் பங்கு இன்னும் பெரிது. இந்த மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருந்ததால் 1934-இல் இங்கே சிமெண்ட் ஆலை வந்தது. இரண்டு வருஷத்தில், பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. உருவானபோது, அதற்குள் போனது. மூட்டை மூட்டையாக வெளியேறிய அந்தச் சிமெண்ட்தான் ஓட்டு வீட்டைத் தார்சு வீடாக்கியது. தேக்குத் தூணை, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத வாசல் நிலையை, தொட்டிக்கட்டு வீட்டின் முற்றத்தை வேண்டாததாக்கியது. பித்தளைக்கு முடிவு கட்டிய எவர்சில்வருக்கும் தூரம் போக வேண்டியதில்லை. 1981-இலிருந்து சேலத்திலேயே ஸ்டெயின்லெஸ் தகடு உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக, உக்கடம் பக்கத்துக் காயலாங்கடை ஒன்றில் அரைமணி நேரம் நின்றால் கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றைப் பின்பக்கத்திலிருந்து படித்துவிடலாம். அங்கே குவிந்து கிடப்பது ஒவ்வொன்றும் நம்முடைய ஏதோ ஒரு பட்டறை ஜெயித்த கணக்கு.

காரைக்குடியின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். மங்குத் தட்டுகள், பெல்ஜியம் கண்ணாடிகள், பர்மாத் தேக்குப் பெட்டிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அறுபதுகளில் அங்கே எல்லாம் தேசியமயமானதும் செட்டிநாட்டுச் செல்வத்தின் அடியைப் பெயர்த்தன. பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். பூட்டிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் கதவு கதவாக, தூண் தூணாக விற்றார்கள். பணம் போனதால் வெளியே வந்த பொருட்கள் அவை. நம்முடையவை பணம் வந்ததால் வெளியே போனவை. தறி போட்டவர், லேத் வைத்தவர், கோழிப் பண்ணை வைத்தவர் என்று ஒவ்வொருவரும் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் முதலில் செய்தது பழைய வீட்டை இடித்ததுதான். செட்டிநாட்டுப் பொருளில் ஒரு துக்கம் ஒட்டியிருக்கும். கொங்கு நாட்டுப் பொருளில் இருப்பது ‘தொலைஞ்சுது’ என்ற நிம்மதி. இரண்டையும் ஒரே ஷெல்ஃபில் ஒரே மஞ்சள் பல்புக்குக் கீழே வைக்கிறோம்.

அந்த நிம்மதியை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீதியில் ஒரு பாட்டி. பேரன் பெங்களூரில் வேலை. லீவுக்கு வந்தவன் எங்கிருந்தோ ஓர் ஆட்டுக்கல்லைப் பிடித்து டெம்போவில் கொண்டுவந்து இறக்கினான். நாலு பேர் புரட்டி வாசலில் நிறுத்தி, பைப்பால் தண்ணீர் அடித்துக் கழுவியபோது அந்தம்மா திண்ணையை விட்டு இறங்கி வந்தார்.

“ஏஞ்சாமி, இதை மறுக்கா எதுக்குக் கொண்டாந்தே?”

“அழகா இருக்குதுங்க ஆத்தா. பூ வெக்கலாம்.”

“பூ வெக்கறயா இதுக்கு? நோம்பி நொடின்னா ராத்திரி பூரா இதுங்கூடத்தான் குடும்பம் நடத்துனேன். ஆட்டி முடிக்கறக்குள்ள கோழி கூப்புட்டிரும். கிரைண்டர் வந்த அன்னிக்குத்தான் இந்தத் தோளு தோளாச்சு.”

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து குழிக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “வழுவழுன்னு கெடக்குது பாரு. கொத்தி எத்தனை வருசமாச்சோ. இதுல ஆட்டுனா மாவு நவுராது.” வீதியில் ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு போகும் ஆட்களை நிறுத்தி, திண்ணை நிழலில் உட்கார வைத்து, சிற்றுளி விழுகிற ஒவ்வொரு புள்ளியையும் மேற்பார்வை பார்த்த கை அது. கொத்திய கல்லில் முதல் ஈடு மாவைச் சாப்பிட மாட்டார்கள், கல்பொடி இருக்கும் என்று தவிட்டை ஆட்டிக் கொட்டுவார்கள் என்றும் சொன்னார். பேரன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கல்லில் ஆட்டிய மாவின் ருசியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆட்டியவர்கள் அப்படிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஆகவே வாசலில் பூவோடு நிற்கும் ஆட்டுக்கல்லைப் பார்த்தால் எனக்குப் பொய்யாகத் தோன்றுவதில்லை. அது ஓய்வுபெற்ற கல். வேலைக்குத் திரும்ப வேண்டாம். இவ்வளவு பாடு வாங்கிய பொருள் வெறும் அலங்காரமாக நின்றால் என்ன குறைந்துவிட்டது? குழவியையும் தேடிப் பக்கத்தில் வைத்தால் நல்லது என்பேன். அதன் தலையில், உள்ளங்கை அழுந்திய இடம், மற்றக் கல்லைவிடக் கறுத்து மினுங்கும். அந்த வீட்டுப் பெண்களின் கை நமக்குப் பார்க்கக் கிடைப்பது அந்த ஓரிடத்தில்தான்.

பாத்திரங்களின் கதை வேறு. அவற்றுக்கு ஓய்வு தரக் கூடாது என்பது என் கட்சி.

என்னிடம் ஒரு பித்தளைத் தூக்குப்போசி இருக்கிறது. காயலாங்கடையில் எடைக்கு வாங்கியது. வாயைச் சுற்றி ஓர் இடத்தில் நெளிந்திருப்பதால் மூடி ஒரே ஒரு வாகில்தான் உட்காரும். அந்த வாகு பிடிபடச் சில நாள் ஆகும், பிடிபட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூடலாம். பிடி மாட்டும் காதுகளில் ஒன்று கழன்று, யாரோ செம்பு ஆணி அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் புள்ளி புள்ளியாக உளி வைத்துப் பெயர் வெட்டியிருக்கிறது: இரண்டு இனிஷியல், ஒரு பெண் பெயர், கீழே ஓர் ஊரின் முதலெழுத்து. பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் வெட்டியவர் அதைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டார். சீராக வந்த போசி.

கடைக்காரர் தராசில் வைத்துக்கொண்டே கேட்டார்: “பேரை வேணும்னா பஃப் அடிச்சு எடுத்துத் தர்றனுங்க.”

“எதுக்குங்க?”

“அடுத்தவங்க சீரு பாருங்க. சில பேரு வூட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க.”

அந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு பெண்ணின் சீர் காயலாங்கடைக்கு வருவதற்கு நல்ல வழியும் உண்டு, கெட்ட வழியும் உண்டு. வீட்டில் கஷ்டம் வந்து போயிருக்கலாம். வீதியில் வந்த பாத்திரக்காரரிடம் கனத்த பித்தளையைக் கொடுத்து, பளபளவென்று எடையில்லாத எவர்சில்வர் அடுக்கைச் சிரித்துக்கொண்டே வாங்கியும் இருக்கலாம். எங்கள் அம்முச்சி அப்படித்தான் ஓர் அண்டாவைக் கொடுத்தார். கடைசிவரை லாபம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், களிம்பு பிடிக்குமோ என்ற பயமில்லை. ஓடியாடும் ஒரு வீட்டில் இது சின்ன லாபமா?

ஈயம் பூசுவதைப் பார்த்திராத தலைமுறைக்காக இதைச் சொல்ல வேண்டும். கரியடுப்பில் துருத்தி போட்டுப் பாத்திரத்தைச் சூடேற்றுவார்கள். உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவினால் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். உலோகத்தின் மேல் இருக்கும் அழுக்குப் படலம் அதில் கழன்றுவிடும். அந்தச் சூட்டில் வெள்ளீயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, உருகிய சொட்டைப் பஞ்சால் சுற்றித் துடைத்தால், மஞ்சளாக இருந்த உட்புறம் ஒரே வீச்சில் வெள்ளியாக மாறும். கையை எடுக்க ஒரு நொடி தாமதமானால் திட்டு விழுந்துவிடும். புளிப்பு எதுவும் பித்தளையைத் தொடாமல் இந்த மெல்லிய தோல்தான் காக்கிறது. தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். இன்று பழம்பாத்திரத்தை ஷோகேஸில் வைக்கிறவர்கள் லாக்கர் அடித்துவிடுகிறார்கள். கறுக்காது, மங்காது, தண்ணீர்கூட ஊற்ற முடியாது. பெரிய கடை வீதிப் பக்கம் விசாரித்து ஆள் பிடித்து என் போசிக்கு ஈயம் பூசினேன். மோர் அதில்தான். பெயரை எடுக்கவில்லை. கழுவும்போது தினமும் விரலில் தட்டுப்படுகிறது, முகம் தெரியாத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள்.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை இந்திய அரசு அழைத்து, இங்கே வடிவமைப்புக் கல்வி எப்படி அமைய வேண்டும் என்று கேட்டது. ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து 1958-இல் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மிக உயர்வாகப் பேசிய பொருள் சிற்பமோ பட்டோ இல்லை, நம் சொம்பு. இடுப்பில் வைப்பவளின் உடல் வளைவு, காலியாகவும் நிறைந்தும் இருக்கும்போது எடை நிற்கும் இடம், ஊற்றும் வேகம், துலக்கும் கை என்று ஒரு சொம்பை வடிவமைக்க என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கும் என்று அடுக்கிவிட்டு, தனி ஒருவர் அல்ல, தலைமுறைகள் செய்த வடிவம் என்றார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான். அதே அகமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981-இல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். விஷாலா உணவகத்தை ஒட்டி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருக்கின்றன, உருக்கப் போயிருக்க வேண்டியவை. சேலத்தில் எவர்சில்வர் தகடு உருண்டு வெளிவந்ததும் அதே வருஷம்தான். தொடர்பு ஏதும் கிடையாது, ஆனாலும் எனக்கு அது மறப்பதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பளபளக்கும் பித்தளைக் கொம்பு வைத்த கிராமஃபோன்களில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. நாய்ப் படம் ஒட்டியிருப்பதால் வயசு கூடிவிடாது. நூறு வருஷத்தைத் தாண்டிய சிற்பம், விக்கிரகம், ஓவியம் போன்றவை 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கோயில் சொத்து மாதிரி எது கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிடுவது நல்லது. அதே 1972-இல்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மதுக்கரை வனச்சரகம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிற ஊர் இது. பழைய பங்களாக்களில் மான் கொம்பு மாட்டியிருப்பதைப் பார்த்து, அந்தக் காலத்து அழகு என்று யாராவது விலை பேசினால் அழகு ஸ்டேஷனில்தான் முடியும். மற்றபடி எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, பொருளைத் திருப்பி அடியைப் பார்ப்பது. ஏமாற்றுகிறவர்கள் அடியில் மெனக்கெடுவதில்லை.

ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடித்த வீட்டு ஓடுகளைக் காபி ஷாப் சுவர்களில் பதிக்கிறார்கள். சில ஓடுகளில் பேசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருக்கும். ‘நூத்தம்பது வருச ஓடுங்க’ என்று விலை சொல்வார்கள். அது மங்களூரில் மிஷன்காரர்கள் ஓட்டுச் சூளை தொடங்கிய வருஷம். அந்த ஓடு எப்போது சுட்டது என்பதற்கு அது சாட்சியில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக 1862-இலேயே ரயில் வந்துவிட்ட ஊர்ப்பக்கம் இது. மேற்குக் கரையில் சுட்ட ஓடு போத்தனூர்ப் பக்கத்து வீடுகளில் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தனையும் தேடி அலைகிற நாம், மதுக்கரையின் சொந்தப் பழம்பொருளைக் காலில் மிதித்துக்கொண்டே தாண்டிப் போகிறோம். சிவப்புத் தரையைச் சொல்கிறேன். சிமெண்ட் வந்த பிறகு கட்டிய முதல் இரண்டு தலைமுறை வீடுகளில் ரெட் ஆக்சைடு போட்ட தரைதான் கௌரவம். சிமெண்ட்டோடு சிவப்புப் பொடியைக் கலந்து, கரண்டியால் இழைத்து இழைத்து, காய்ந்து இறுகும் முன்பே கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். ஓர் அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் போன இடம் கோடாகத் தெரியும். பிறகு நாள் கணக்கில் தண்ணீர் கட்டி வைப்பார்கள். அப்புறம் ஐம்பது வருஷம் தேங்காய் எண்ணெயும் ஈரத்துணியும் வெறுங்காலும். கோடையில் மத்தியானம் அதில் தலையணை இல்லாமல் படுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல்லைப் பழமை என்று லாரி வைத்துக் கொண்டுவந்து பதிக்கிறோமே, அதுவும் கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட்தான். சிமெண்ட்டை நாம் பழமையின் எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கும் வயசாகி, அதுவும் அழகாகியிருப்பது கண்ணில் படவில்லை. இந்தத் தரையைப் பெயர்த்து எந்தக் கடையிலும் விற்க முடியாது. விலை இல்லாததால்தான் யாரும் மதிப்பதில்லை போலிருக்கிறது. மேலேயே பசை தடவி விட்ரிஃபைடு டைல் ஒட்டிவிடுகிறார்கள்.

மார்க்கெட் ரோட்டுப் பக்கம் ஓர் இளைஞர் தாத்தா வீட்டை இடிக்காமல் சரிசெய்துகொண்டிருக்கிறார். கூடத்துத் தரை அப்படியே இருக்கிறது, மூலையில் ஈரத்தில் நடந்த கோழி ஒன்றின் கால்தடம் உட்பட. வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுகிறார். அடுத்த அறையில் தரை பெயர்ந்துவிட்டதால் அதே மாதிரி சிவப்புத் தரை போட ஆள் தேடி, கடைசியில் வயசான கொத்தனார் ஒருவரைப் பிடித்தார். நான் போயிருந்தபோது பேச்சுவார்த்தை நடந்தது. கூலியில் தகராறு வரவில்லை. பெரியவர் நிபந்தனைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: சன்னலை அடைத்துவிட வேண்டும், ஃபேன் போடக் கூடாது, ஆடிக் காற்றில் ஆரம்பிக்கவே மாட்டேன்.

“போட்டு முடிச்சா மூணு நாளைக்கு ஆரும் காலை வெக்கப்படாதுங்க தம்பி. நாயையும் கட்டிப் போட்டுருங்க.”

“நாய்க்கால் பதிஞ்சா பதியட்டுங்களே. கூடத்துல பாருங்க, அந்தக் கோழிக்கால் எத்தனை அழகா இருக்குது.”

பெரியவர் கூடத்துக்குப் போய்க் குனிந்து அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போட்டவன் அன்னிக்கு என்ன பேச்சு வாங்குனானோ” என்றார். “உங்களுக்கு அழகுங்க. எனக்குக் கூலியில புடிப்பாங்க.”